மாஸ்டரின் கால்

சென்ற வாரம், அண்ணி ஒரு கூடை வெங்காயத்தைச் சின்னவள் முன்னால் கொட்டி, "எல்லாத்தையும் நறுக்கு" என்று சொன்ன இடத்தில் நிறுத்தியிருந்தோம். பிறகு என்ன ஆயிற்று என்று ஆவலோடு காத்திருந்தவர்கள் மன்னிக்கவும். வெங்காயம் முழுவதும் நறுக்கப்பட்டது. கண்ணீர் வந்தது அண்ணிக்குத்தான்.

ஒரு மாத வேலை என்று வெளியூர் போன கணவர், "எனக்குக் கொஞ்ச நாள் தனியா இருக்கணும்" என்று போனில் சொல்லிவிட்டு வைத்த நாளிலிருந்து சின்னவள் இப்படித்தான் இருக்கிறாள். அழவில்லை. திட்டவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னம் கன்னமாகவே இருக்காதே, அப்படி ஆகிவிட்டது மனசு. மகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்தாள். ரத்தப் பரிசோதனை லேபில் குழாய்களுக்குப் பெயர்ச் சீட்டு ஒட்டும் வேலையில் சேர்ந்தாள். சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டாள். தூங்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டாள்.

இதற்கு நடுவில் ஒரே ஒரு காரியத்தை மட்டும் அவளாகக் கேட்டாள். கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றாள்.

காரணம் இருந்தது. கிளினிக் கிளினிக்காகப் போய் ரத்த மாதிரிகளை வாங்கி வரும் லேபின் டிரைவர் இந்த மாதத்தோடு வேலையை விடுகிறார். "லைசென்ஸ் எடுத்துட்டு வா, அந்த வண்டி உனக்கு. எடுக்கலைன்னா வெளிய ஆள் பார்க்கணும்" என்று லேப் மேடம் சொல்லியிருந்தாள். மேடம் சொன்ன கெடு நெருங்கிவிட்டது. டெஸ்ட் இன்று மத்தியானம்.

கற்றுக்கொடுப்பது யார் என்று கேட்கவே வேண்டாம். சின்னவளின் அண்ணன் டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். ஊரில் பாதிப் பேருக்கு அவர் மாஸ்டர். பெற்ற தாயே கடைசிக் காலத்தில் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டாள். மற்ற மாணவர்களிடம் அவர் பேசும் பேச்சை இந்தப் பத்திரிகையில் அச்சிட முடியாது. தங்கையிடம் மட்டும் அவருக்கு ஒரே வார்த்தைதான் வரும்.

"பிரமாதம்!"

இன்று காலையும் அதைத்தான் சொன்னார். கடைசி ஒத்திகை என்று வண்டியை எடுத்திருந்தார்கள். மாஸ்டர் பக்கத்து சீட்டில். பின் சீட்டில் சின்னவளின் மகள். பத்தாவது படிக்கிறாள். எதற்கெடுத்தாலும் குறுக்குக் கேள்வி கேட்பதால் வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். மறுநாள் கணக்குப் பரீட்சை. படிக்க விட்ட லீவில் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வந்தாள்.

தண்ணீர்த் தொட்டிக்குப் போகிற ஏற்றத்தில் சின்னவள் வண்டியை நிறுத்தினாள். டெஸ்டில் இதுதான் கண்டம். மேட்டில் நிறுத்திய வண்டியைப் பின்னால் உருளாமல் கிளப்ப வேண்டும். சின்னவள் கிளட்சை விட்டாள், ஆக்சிலேட்டரை மிதித்தாள். வண்டி வெண்ணெயில் வழுக்கிய மாதிரி மேலே ஏறியது.

"பிரமாதம்!" என்றார் மாஸ்டர்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் சின்னவள் தினமும் காலையில் எழுந்தாள் என்று சொன்னால் மிகையில்லை. மரத்துப் போன இடத்தில் அது மட்டும் கொஞ்சம் உறைத்தது. தனக்கும் ஒன்று வருகிறது என்று தோன்றும்.

"யாரைச் சொல்றீங்க மாமா?" என்றாள் வக்கீல் பின்னாலிருந்து. "உங்களையேவா?"

"என்ன உளர்றே?"

"உங்க கால் கீழ போச்சு. நான் பார்த்தேன்."

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பழகும் வண்டியில் இரண்டு பக்கமும் பெடல் உண்டு. ஓட்டுபவர் காலடியில் இருக்கிற மாதிரியே கிளட்சும் பிரேக்கும் பக்கத்து சீட்டின் அடியிலும் இருக்கும். மாணவர் தடுமாறினால் மாஸ்டர் அங்கிருந்தே சமாளித்துக்கொள்வார்.

"சும்மா வச்சிருந்தேன் காலை."

"சும்மா வச்சா பாதம் ஏன் மடங்கணும்?"

"ஷூ இறுக்கமா இருக்கு."

"மாமா, நீங்க செருப்புதான் போட்டிருக்கீங்க."

சின்னவள் வண்டியை ஓரம் கட்டினாள். ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். திரும்பி அண்ணனைப் பார்த்தாள்.

"அண்ணா, நீ அமுக்கினியா?"

மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"முதல் நாள் மெயின் ரோட்டுல நீ அப்படியே உறைஞ்சு போயிட்டே. ஞாபகம் இருக்கா? பின்னாடி அத்தனை ஹார்ன். நீ திரும்பிக்கூடப் பார்க்கல. எனக்கு மனசே கேக்கல. ஒரு நாளாவது நல்லா ஓட்டினோம்னு நீ வீட்டுக்குப் போகட்டும்னு..."

"அன்னிக்கு அமுக்கினே. சரி. அப்புறம்?"

"அப்புறமும் கொஞ்ச நாள்."

"எப்ப நிறுத்தினே?"

இந்தக் கேள்விக்கு மாஸ்டர் பொய் சொல்லியிருக்கலாம். ஒரு தேதியைச் சொல்லியிருந்தால் எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். அவருக்குப் பொய் வராது என்பதல்ல காரணம். செருப்பை ஷூ என்று சொன்னவர்தானே. உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை.

"தெரியலைம்மா. இத்தனை வருஷமா இந்த சீட்டுல உக்கார்றேன். கால் தானாப் போகுது. டிவியில ஒருத்தன் வண்டியை வேகமா ஓட்டினாலே தரையை மிதிக்கிறேன்னு உங்க அண்ணி திட்டுறா. நீ ஓட்டினது எது, நான் அமுக்கினது எதுன்னு கேட்டா சத்தியமா எனக்குத் தெரியாது."



"அப்பா மாதிரியேதான்" என்றாள் வக்கீல். குரலில் சண்டை இல்லை. "அப்பாவும் என் பென்சிலை வாங்கி அவரே கணக்கைப் போட்டுட்டு, 'பாத்தியா, உனக்கு வந்துடுச்சு'ன்னு சொல்வாரு. எனக்கும் வந்துடுச்சுன்னுதான் தோணும். பரீட்சை ஹாலுக்குப் போனா அங்க அப்பா இருக்க மாட்டாரு."

சின்னவள் கேட்டுக்கொண்டிருந்தாள். வேறு யாரோ ஒரு பெண்ணைப் பற்றிப் பேசுகிறார்கள் போல இருந்தது. அந்தப் பெண்ணைப் பார்த்தால் பாவமாகத்தான் இருந்தது. கணவர் அப்படித்தான். சிலிண்டர் மாட்டுவது, பேங்குக்குப் போவது, பாட்டில் மூடியைத் திறப்பது, எல்லாவற்றுக்கும் "நீ விடு, நான் பாத்துக்கறேன்" என்பார். அன்பாகத்தான் சொல்வார். அதுதான் சங்கடமே. போகும்போது அவர் தன்னை மட்டும் எடுத்துக்கொண்டு போகவில்லை. அவளுக்கு என்னென்ன வரும் என்கிற கணக்கும் கூடவே போய்விட்டது.

"காலை மேல எடு" என்றாள் சின்னவள்.

"எடுத்துட்டேனே."

"சீட்டு மேல. சம்மணம் போட்டு உக்காரு."

"சின்னவளே, நடு ரோடும்மா இது."

"போடு அண்ணா."

மாஸ்டரின் உருவத்தை முந்தைய அத்தியாயங்களில் வர்ணித்தாயிற்று. அந்தத் தொப்பையோடு கார் சீட்டில் சம்மணம் போடுவது சாமானியமான காரியம் இல்லை. ஒரு முட்டி கதவில் இடித்தது, இன்னொன்று கியரில் இடித்தது. சீட் பெல்ட் கழுத்தை அறுத்தது. அந்த வழியாகப் போன பழைய மாணவர் ஒருவர் ஸ்கூட்டரை நிறுத்தி, "என்ன மாஸ்டர், உடம்புக்கு முடியலையா?" என்று அக்கறையாக விசாரித்தார்.

"யோகா" என்றாள் வக்கீல்.

வண்டி கிளம்பியது. முதல் திருப்பம் வந்தது, திரும்பியது. பள்ளிக்கூட வாசலில் வேகம் குறைந்தது. சந்திலிருந்து ஒரு லாரி மூக்கை நீட்டியபோது மாஸ்டரின் கால் தொடைக்கு அடியில் துடித்தது. இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டார். வண்டி லாரிக்கு நல்ல தூரத்திலேயே நின்றது.

"அது நீதான்" என்றார் மாஸ்டர் மூச்சை விட்டு. "சத்தியமா நான் இல்ல."

சின்னவள் தலையை ஆட்டினாள். சந்தோஷம் வரவில்லை. வர வேண்டும் என்று ஒரு நிமிஷம் காத்துப் பார்த்தாள். பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு தண்ணீர்த் தொட்டி ஏற்றத்துக்கே போனாள்.

ஏற்றத்தில் நிறுத்தினாள். கிளட்சை விட்டாள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது. மறுபடி ஸ்டார்ட் செய்தாள். இந்த முறை அணையவில்லை; பின்னால் உருண்டது. மாஸ்டர் "ஐயோ" என்றார். ஹேண்ட்பிரேக்கை இழுத்தது சின்னவள்தான்.

ஆக, ஸ்டீயரிங் அவளுடையது. பிரேக்கும் அவளுடையது. மேடு முழுக்க முழுக்க மாஸ்டருடையது. வெண்ணெயில் வழுக்கியது எல்லாம் அண்ணனின் பாதம்.

"காலை இறக்கட்டுமா?" என்று கேட்டார். முகம் சிறுத்துப் போயிருந்தது.

"வேண்டாம். எப்படின்னு சொல்லு. இது வரைக்கும் நீ சொல்லவே இல்லையே."

அது உண்மை. தானே செய்துவிட்டதால் சொல்லித்தர வேண்டிய அவசியமே அவருக்கு வரவில்லை. இப்போது சொன்னார். கிளட்சை அங்குலம் அங்குலமாக விட வேண்டும். ஒரு கட்டத்தில் இன்ஜின் சத்தம் மாறும், வண்டியின் முன்பக்கம் லேசாகத் தூக்கும். அந்த இடத்தில் காலை நிறுத்திவிட்டு ஹேண்ட்பிரேக்கை விட வேண்டும்.

சின்னவள் செய்தாள். அணைந்தது. செய்தாள். உருண்டது. பின்னால் வந்தவர்கள் ஹார்ன் அடித்துவிட்டு, எட்டிப் பார்த்துவிட்டு, சம்மணம் போட்ட மாஸ்டரைக் கண்டு குழம்பிப் போனார்கள். கடைசியில் ஒரு முறை முன்பக்கம் தூக்கியது தெரிந்தது. வண்டி ஏறியது. அடுத்த முறை மறுபடி அணைந்தது. வந்தால் வந்தது, வராவிட்டால் வரவில்லை.

மாஸ்டர் பிரமாதம் என்று சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டார்.

"இன்னிக்கு டெஸ்ட் வேண்டாம்" என்றார். "உடம்பு சரியில்லைன்னு தள்ளிப் போட்டுடலாம். இல்லைன்னா இன்ஸ்பெக்டர் நமக்குத் தெரிஞ்சவர்தான். நான் ஒரு வார்த்தை..."

"ஒரு வார்த்தையும் சொல்லாதே."

டெஸ்ட் மைதானத்தில் வெயில் கொளுத்தியது. தகரக் கூரைக்கு அடியில் பத்துப் பதினைந்து பேர் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சின்னவள் நகத்தைக் கடிக்கவில்லை. பயப்படக்கூட ஒரு தெம்பு வேண்டும். மாஸ்டர் மைதானத்து வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய கால் இப்போதே மண்ணை மிதித்துக்கொண்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் அதிகம் பேசாத மனிதர். மாஸ்டரின் அதே வண்டியில், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, "போகலாம்" என்றார்.

போனாள். சிக்னலில் நின்றாள். ரிவர்ஸ் எடுத்தாள், கோட்டைத் தொடவில்லை. திருப்பத்தில் ஒரு நாய் குறுக்கே வந்தது. நின்று, வழிவிட்டு, எடுத்தாள். இன்ஸ்பெக்டரின் கால் எங்கே இருக்கிறது என்று ஓரக்கண்ணால் பார்த்தாள். சீட்டை ஒட்டி, பெடலுக்குத் தூரத்தில் இருந்தது. ஒவ்வொன்றும் நடந்தபோது அவளுக்குள் யாரோ ரசீது கொடுப்பது மாதிரி இருந்தது. இது உன்னுடையது. இதுவும் உன்னுடையது.

பிறகு மேடு வந்தது.

நிறுத்தினாள். கிளட்சை விட்டாள். சத்தம் மாறியதா, மாறவில்லையா? மாறியது போலத்தான் இருந்தது. ஹேண்ட்பிரேக்கை விட்டாள்.

வண்டி பின்னால் போனது. கொஞ்சம்தான் போனது. சட்டென்று நின்றது. பக்கத்து சீட்டுக்கு அடியிலிருந்து பெடல் கிரீச்சிடுகிற சத்தம் கேட்டது. இன்ஸ்பெக்டர் அமுக்கிவிட்டார். அவர் கால் வைத்தால் ஃபெயில். அதுதான் விதி.

"மத்ததெல்லாம் நல்லா இருந்தது" என்றார் இறங்கும்போது. "மேடு மட்டும் பார்த்துக்குங்க. அவசரப்பட்டு ஹேண்ட்பிரேக்கை விட்டுட்டீங்க."

அவர் எல்லோரிடமும் அப்படிச் சொல்கிறவர் இல்லை என்பது சின்னவளுக்குத் தெரியாது. ஆனால் அந்த வாக்கியத்தை அவள் முழுசாகக் கேட்டாள். பாதியில் நிறுத்தி, ஃபெயில் என்கிற வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டு போகவில்லை.

வேலி ஓரத்திலிருந்து மாஸ்டர் ஓடி வந்தார். "அந்த ஆள் ஒரு மாதிரி. வேணும்னே அமுக்கியிருப்பான்."

"இல்ல அண்ணா. உருண்டுச்சு. நான்தான் சீக்கிரம் விட்டுட்டேன்."

வீட்டில் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு அண்ணி வாசலில் நின்றாள். தலையைத் தடவினாள். இன்றைக்காவது சின்னவள் அழுதுவிடுவாள் என்று முந்தானையைக்கூடத் தயாராக வைத்திருந்தாள். மேடு சரியில்லை என்றாள், வண்டி பழசு என்றாள், யார் கண்ணோ பட்டுவிட்டது என்றாள். எல்லோரையும் குற்றம் சொன்னாள், சின்னவளைத் தவிர.

"அண்ணி, பசிக்குது" என்றாள் சின்னவள்.

அண்ணி முந்தானையைக் கீழே விட்டாள்.

சாப்பிட்டு முடித்ததும் சின்னவளே லேபுக்குப் போன் போட்டாள். இந்த மாதிரி விஷயங்களுக்கு முன்பெல்லாம் கணவர் பேசுவார். இங்கே வந்த பிறகு அண்ணன் பேசினார். மாஸ்டர் கையை நீட்டினார். அவள் போனைக் கொடுக்கவில்லை.

"மேடம், ஃபெயில் ஆயிட்டேன். இல்ல, ஓட்ட வருது. மேட்டுல எடுக்கறது மட்டும் சரியா வரலை. அடுத்த டெஸ்ட் வரைக்கும் பொறுத்துக்க முடியுமா?"

"வேற ஒருத்தர் நாளைக்குப் பார்க்க வர்றார்" என்றாள் மேடம். "நான் யோசிச்சுட்டுச் சொல்றேன். உறுதியா எதுவும் சொல்ல முடியாது."

சின்னவள் போனை மேசையில் வைத்தாள். வேலை போனாலும் போகலாம். தெரிந்ததுதான். வக்கீல் எதிரில் உட்கார்ந்து கணக்குப் புத்தகத்தை முறைத்துக்கொண்டிருந்தாள்.

"கணக்கு வருதா?"

"எனக்குத்தான் கணக்கே வராதும்மா."

இந்தப் பதிலைச் சின்னவள் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். "பரவாயில்லை விடு, அப்பா பாத்துப்பார்" என்று தானே சொல்லியும் இருக்கிறாள். இன்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எந்த இடத்துல நிக்குது?"

வக்கீலுக்குக் கேள்வி புதுசு. பென்சிலால் தாளில் தேடினாள். "அடைப்புக்குறியை எடுக்கும்போது. முன்னாடி மைனஸ் இருந்தா உள்ள இருக்கற குறியெல்லாம் குழம்பிடுது."

"அதுக்கு முன்னாடி எல்லாம் வருதா?"

வக்கீல் முதல் வரியிலிருந்து பார்த்தாள். "வருது" என்றாள், யாரோ சொல்லி இப்போதுதான் தெரிந்துகொண்ட மாதிரி.

சின்னவளுக்கு அந்தக் கணக்குத் தெரியாது. அதனால் பென்சிலை வாங்கவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் போன் அடித்தது. கணவர்.

இத்தனை மாதமாக அடிக்காத எண். அண்ணி சமையலறை வாசலில் வந்து நின்று, சட்டென்று வேறு பக்கம் பார்த்தாள். யார் சொல்லி இந்தப் போன் வருகிறது என்று சின்னவளுக்குப் புரிந்துவிட்டது.

"அண்ணி போன் பண்ணாங்க" என்றார் அவர். குரல் பழைய மாதிரியே மெத்தென்று இருந்தது. "ஃபெயில் ஆயிட்டியாமே. மனசைப் போட்டுக் குழப்பிக்காதே. உனக்கு எதுக்கு இந்த வேலையெல்லாம்? வண்டி ஓட்டறது உனக்கு வராதுன்னு எனக்குத் தெரியாதா? நீ விடு. நான் யோசிச்சுப் பார்த்தேன். எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன். பஸ் ஏறிட்டேன். காலையில வந்துடுவேன்."

இந்த வார்த்தைகளுக்காகத்தான் வீடே காத்திருந்தது. நீங்களும் காத்திருந்தீர்கள். சின்னவளும்தான், படுக்கையில் கிடந்து, அவர் என்ன சொல்லுவார், தான் எப்படி உடைந்து அழுவோம் என்றெல்லாம் ஒத்திகை பார்த்திருக்கிறாள். ஒத்திகையில் வந்த அழுகை இப்போது வரவில்லை.

"மேட்டுல மட்டும்தாங்க வரலை" என்றாள்.

"என்னது?"

"மேட்டுல எடுக்கறது மட்டும்தான் வரலை. மத்ததெல்லாம் நானேதான் ஓட்டினேன்."

அவர் சிரித்தார். அன்பான சிரிப்புதான், குழந்தை தப்பாகப் பாடினால் வருமே, அது. "சரி சரி. வந்து பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டார்.

சின்னவள் போனைக் காதிலிருந்து எடுத்தாள். காது மடல் சுட்டது. ஊசியின் மதமதப்பு இறங்கும்போது வலிதான் முதலில் தெரியும் என்பார்கள். அவளுக்குக் கோபம் வந்தது. மாதக்கணக்கில் எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை, அப்படி ஒரு கோபம்.

"என்னம்மா சொன்னாரு?" என்று மாஸ்டர் கேட்டார். அண்ணி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வக்கீல் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"காலையில வர்றாராம்."

"அப்பாடா!" என்றாள் அண்ணி. "பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க் கூட்டிட்டு வந்துடுங்க. நான் இப்பவே ரூமை ஒழிச்சு வைக்கறேன்."

வா என்று சின்னவள் அவரிடம் சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை. இரண்டில் எது தன் வாயில் வரப்போகிறது என்று அவளுக்கே தெரியாது. பஸ் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"அண்ணா, வெளிச்சம் போறதுக்குள்ள கிளம்பு" என்றாள். "அவர் வர்றதுக்கு முன்னாடி எனக்கு அந்த மேடு வரணும்."